மடவார் வளாகத்துப் பெண்கள்

நம்ம ஊர்ப் பேரிலேயே நாமதான் இருக்கோம். மடவார் என்றால் பெண்கள், வளாகம் என்றால் சூழ்ந்த இடம். கோயில் வேலை செய்த பெண்கள் குடியிருந்ததால் இந்தப் பேர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வைத்தியநாத சுவாமி கதையும் அப்படித்தான். வழியில் பிரசவ வலியில் தவித்த பெண்ணுக்குச் சாமியே தாய் போல வந்து பேறுகாலம் பார்த்தாராம். வயிற்றுவலி தீர்ந்த திருமலை நாயக்கர் கதை எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

நமக்கு மேற்கே மலை. ஆடி மாச மழையை அந்த மலை கேரளாப் பக்கமே இறக்கிவிடும். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான். கண்மாய் பெருகினால் நெல், இல்லையென்றால் பருத்தி. மழையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாததால்தான் இங்கே மாடும் தறியும் மில்லும் சேர்ந்தே வளர்ந்தன. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை ஆரம்பித்தார். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் வெளியூர்க்காரங்க கேட்பது பால்கோவா. புளிய விறகு அடுப்பில் பாலைக் கிண்டிக் கிண்டிச் சுண்ட வைக்கணும், கை அசந்தால் அடிபிடிக்கும். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பால் யார் கையால் வந்தது? எங்கள் வீட்டில் சாணி அள்ளி, புல் அறுத்து, விடியக்காலை கறந்தது அம்மா. பால் அட்டை அப்பா பேரில். அப்போ எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம், அம்மா அதைக் கேட்டதுகூட இல்லை.

1985-ல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து நம்ம மாவட்டம் உண்டாச்சு. 1989-ல் தர்மபுரியில் அரசு மகளிர் குழுக்களை ஆரம்பித்தது. 1997-க்குப் பிறகு மகளிர் திட்டமாக மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. குழுக்கடனில் அம்மா வாங்கிய மாடு அவங்க பேரில் இருந்தது, பால் பணமும் அவங்க கைக்கே வந்தது. அப்புறம்தான் வீட்டில் எதுக்கும் அவங்களையும் ஒரு வார்த்தை கேட்க ஆரம்பிச்சாங்க.

2021-ல் நம்ம மலை ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமானது. காடு பிழைத்தால்தான் கண்மாய்க்குத் தண்ணீர், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் மலையில் மாடு விட முடியாது, தீவனம் விலைக்குத்தான் வாங்கணும். தவிடு, புண்ணாக்கு விலை உங்களுக்கே தெரியும். கண்மாய்க் கரைப் பக்கம் சேர்ந்து தீவனப்புல் போடலாமா என்று எங்கள் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த கடன் அதற்குத்தான் கேட்கப் போகிறோம்.