ஜூக்
புளூஸ் கச்சேரி நடக்கும் 'ஜூக் ஜாயின்ட்'டைச் சிலர் 'இசையரங்கம்' என்று எழுதுகிறார்கள். அந்த மரியாதை அதற்கு ஒட்டாது. அமெரிக்கத் தென்கிழக்குக் கடலோரக் கறுப்பினத்தாரின் கல்லா மொழியில் 'ஜூக்' என்றால் ஒழுங்கு கெட்டது, அடாவடியானது. மேற்கு ஆப்பிரிக்காவின் பம்பாரா மொழியில் 'ஜுகு' கெட்டதைக் குறிக்கும். வேர் அங்கே என்பார்கள். பருத்திக்காட்டுக் கூலிகள் சனிக்கிழமை இரவில் குடித்து, சூதாடி, மீன் பொரியும் வாசனைக்கு நடுவே கிதாருக்கு ஆடிய கொட்டகைக்கு அந்தப் பெயர் வந்தது. காசு போட்டால் பாடும் பெட்டி 'ஜூக்பாக்ஸ்' ஆனபின் வசை வாடை போய்விட்டது. மிசிசிப்பியின் பென்டோனியாவில் 1948இல் திறந்த புளூ ஃப்ரண்ட் கஃபே அப்படியொரு ஜூக் ஜாயின்ட்தான். தமிழில் நான் 'கூத்துக் கொட்டகை' என்பேன். நாடகம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் கூத்து கலையும்தான், 'என்னடா கூத்தடிக்கிறே' என்று திட்டும்போது அடாவடியும்தான்.