37.50 டாலர் பிஸ்டல் குறி தவறாதது எப்படி?



2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கம் வாங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த இரண்டும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் வந்தவை. அவர் கலந்துகொண்ட 25 மீட்டர் போட்டியில் நான்காம் இடம் கிடைத்தது. அதில் காற்றுத் துப்பாக்கி கிடையாது. பாயிண்ட் இருபத்திரண்டு (.22) என்று சொல்லும் சின்னத் தோட்டாவைச் சுடும் பிஸ்டல். 2012இல் லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கியதும் அதே தோட்டாவில்தான்.

ஒலிம்பிக் வீரர்கள் கையில் வைத்திருக்கும் பிஸ்டல்களின் விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும். அப்படியானால் குறி தவறாமல் சுடுவது காசு உள்ளவனுக்கு மட்டும்தானா? இந்தக் கேள்விக்கு 1949இல் அமெரிக்காவில் இரண்டு பேர் ஒரு பதில் சொன்னார்கள். அந்தக் கதைதான் இன்று. வாத்தியார் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறாரே என்று முகம் சுளிக்க வேண்டாம். இது காகித வட்டத்தையும் தகர டப்பாவையும் சுடுவதற்காகப் பிறந்த கருவி. எனக்கு அதில் பிடித்தது அதற்குள் இருக்கும் வடிவியல் பாடம்.

முதலில் தோட்டாவைப் பார்ப்போம். பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவில் ஒரு சிறு மூடி இருக்கும். அதில் ஊசி இடித்தால் தீப்பொறி கிளம்பும். .22இல் அந்த மூடி கிடையாது. தீப்பற்றும் மருந்தைப் பித்தளைக் கூட்டின் மடித்த விளிம்புக்குள்ளேயே சுற்றிலும் பரப்பிவிடுவார்கள். ஊசி விளிம்பை நசுக்கும், மருந்து பற்றிக்கொள்ளும். அதனால்தான் இதற்கு ரிம்ஃபயர் என்று பெயர். 1845 வாக்கில் பிரான்சில் ஃப்ளோபேர் தொடங்கிவைத்த யோசனை இது. இன்று நாம் பார்க்கும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனியில் உருவானது.

விளிம்பு நசுங்க வேண்டுமென்றால் கூடு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய கூடு அதிக அழுத்தம் தாங்காது. எனவே வெடிமருந்தும் குறைவு, சத்தமும் உதைப்பும் குறைவு, விலையும் குறைவு. ஈயக்குண்டின் எடை ஏறக்குறைய 2.6 கிராம். நம் ஒரு ரூபாய் நாணயம்கூட அதைவிடக் கனம். ஆயிரம் முறை சுட்டுப் பழகினாலும் கை வலிக்காது, பையும் காலியாகாது. சுடப் பழகுகிறவர்களுக்கு உலகம் முழுக்க இதுவே முதல் தோட்டா.

தோட்டா மலிவு. ஆனால் அதைச் சுடும் நல்ல பிஸ்டல் மலிவாக இல்லை. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1915இல் வந்த கோல்ட் கம்பெனியின் பிஸ்டல்தான் அன்று பெயர் பெற்றது. பின்னால் அதற்கு வுட்ஸ்மன் என்று பெயர் வைத்தார்கள். இரும்புக் கட்டியிலிருந்து கடைந்தும் குடைந்தும் அரத்தால் இழைத்தும் செய்த அருமையான வேலை. வேலைப்பாட்டுக்கு ஏற்ற விலை.

இந்த இடத்தில் வருகிறார் வில்லியம் ரூகர். 1916இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். போர் முடிந்த பிறகு கனெக்டிகட் மாநிலத்தின் சவுத்போர்ட்டில் கைக்கருவிகள் செய்யும் தொழில் நடத்தி நொடித்துப்போனவர். கையில் பணமில்லை; ஆனால் ஒரு யோசனை இருந்தது. போர்முனையிலிருந்து திரும்பிய ஒரு வீரர் கொண்டுவந்த ஜப்பானிய நம்பு பிஸ்டல் ஒன்று அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. அதைப் பிரித்துப் படித்து, தன் வீட்டு கராஜிலேயே அதேபோல் செய்து பார்த்திருந்தார்.

பணத்துக்கு அலெக்சாண்டர் ஸ்டர்ம் கிடைத்தார். ஓவியர், எழுத்தாளர், வசதியான வீட்டுப் பிள்ளை. அவர் போட்ட முதல் 50,000 டாலர். இருவர் பெயரையும் சேர்த்து 1949இல் கம்பெனி தொடங்கியது. கழுகுச் சின்னத்தை வரைந்ததும் ஸ்டர்ம்தான். ஒருமுறை தொழிலில் விழுந்தவருக்கு இது இரண்டாவது வாய்ப்பு. இதிலும் விழுந்தால் எழுவது கடினம்.

முதல் பிஸ்டலின் விலை 37 டாலர் 50 சென்ட். அமெரிக்கன் ரைஃபிள்மேன் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். அதே பத்திரிகையில், அந்தத் துறையில் எல்லோரும் மதித்த ஜூலியன் ஹேட்சர் அதைச் சோதித்துப் பார்த்து நல்ல வார்த்தை எழுதினார். பிறகு ஆர்டர்கள் குவிந்தன.

விலையை எப்படிக் குறைத்தார்கள்? கோவையிலும் ஓசூரிலும் பட்டறை, தொழிற்சாலை என்று இருக்கும் என் மாணவர்களுக்கு இது என்னைவிட நன்றாகப் புரியும். கைப்பிடியைக் கட்டியிலிருந்து குடையவில்லை. தகட்டைப் பிரஸ்ஸில் அடித்து இரண்டு பாதிகளாக எடுத்து, அவற்றை வெல்டிங் செய்து ஒட்டினார்கள். தட்டை ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாகச் சுருள் கம்பி ஸ்பிரிங். மேல்பாகம் ஓர் உருண்டையான எஃகுக் குழாய். வட்டமான பொருளைக் கடைவதும் துளைப்பதும் எளிது, துல்லியமாகவும் வரும். அந்தக் குழாயின் முன்முனையில் சுடுகுழல் திருகி இறுகியிருக்கும். உள்ளே போல்ட் என்ற உருளை, சைக்கிள் பம்பின் பிஸ்டனைப் போல முன்னும் பின்னும் ஓடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். குறி பார்க்க பிஸ்டலில் இரண்டு உறுப்புகள் உண்டு. முன்னால் ஒரு சிறு துண்டு, அது முன்குறி. பின்னால் நடுவில் பள்ளம் வெட்டிய தகடு, அது பின்குறி. பள்ளத்தின் நடுவில் முன்குறியை நிறுத்திச் சுட வேண்டும். அன்றைய பல பிஸ்டல்களில், பழைய வுட்ஸ்மன் உட்பட, முன்குறி குழல்மேல் இருக்கும். பின்குறியோ ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் ஓடித் திரும்பி வரும் சிலைடின்மேல் இருக்கும். ரூகரின் பிஸ்டலில் ஓடுவதெல்லாம் குழாய்க்கு உள்ளே. வெளிக்குழாய் அசையாது. பின்குறி அந்தக் குழாயின்மேல், முன்குறி அதோடு இறுகிய சுடுகுழலின்மேல். ஆக இரண்டு குறிகளும் சுடுகுழலும் ஒரே துண்டுபோல நிற்கின்றன.

இதனால் என்ன பெரிய லாபம்? ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் போட்ட ஒத்த முக்கோணங்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இரு குறிகளுக்கும் இடைத்தூரம் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 25 மீட்டரில் இருக்கிறது. அதாவது 100 மடங்கு. பின்குறி கால் மில்லிமீட்டர் ஒதுங்கினால் குண்டு 25 மில்லிமீட்டர் ஒதுங்கும். உலகப் போட்டிகளில் 25 மீட்டர் துல்லியச் சுற்றுக்கான இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர், அதாவது ஆரம் 25. கால் மில்லிமீட்டரில் வட்டத்தின் விளிம்புக்கு வந்துவிடுகிறோம். அரை மில்லிமீட்டரில் வட்டத்தை விட்டே போய்விடுகிறோம். நம் நகத்தின் தடிமன்கூட இல்லாத அளவு இது! நன்றாக இழைத்த சிலைடு ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பி வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இழைப்புக்குத்தான் அவ்வளவு விலை. ரூகர் அந்தச் செலவையே தேவையில்லாமல் ஆக்கிவிட்டார்.

சிக்கனம் எங்கே, செலவு எங்கே என்று பிரித்துப் பார்த்த அறிவு இதுதான். கைப்பிடி தகடாக இருந்தால் குண்டுக்கு என்ன? அது கையில் உட்கார்ந்தால் போதும். குழலின் உட்புறத் திருகுவரிகளும், தோட்டா உட்காரும் அறையும், குறிகளின் நிலையும்தான் குண்டின் வழியைத் தீர்மானிக்கின்றன. அங்கே கை வைக்கவில்லை.

1951இல் நீண்ட குழலும் நகர்த்திச் சரிசெய்யும் பின்குறியும் கொண்ட மார்க் 1 இலக்குப் பிஸ்டல் வந்தது. நீண்ட குழல் என்றால் குறிகளுக்கு இடையே அதிகத் தூரம். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் போட்டால் லாபம் தெரியும். பின்னாளில் அமெரிக்க ராணுவமும் சுடும் பயிற்சிக்காக மார்க் 1 வாங்கியது. ஆனால் அதே 1951இல் ஸ்டர்ம் இறந்துபோனார். வயது 28தான். அதன்பின் கைப்பிடியில் இருந்த கழுகுச் சின்னத்தின் சிவப்புப் பின்னணியைக் கறுப்பாக மாற்றினார் ரூகர். நண்பனுக்கான துக்கம் ஒவ்வொரு பிஸ்டலிலும் ஏறிப் பல ஊர்களுக்குப் போனது.

குறையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது விளம்பரம் ஆகிவிடும். விசையை இழுக்கும் சுகத்தில் உயர்விலைப் போட்டிப் பிஸ்டல்களுக்கு இது ஈடில்லை. விசை கனமாக, சொரசொரப்பாக இருந்தால் இழுக்கும்போது கை அசையும். கை அசைந்தால் மேலே சொன்ன கால் மில்லிமீட்டர் கதைதான். உயர்மட்டப் போட்டிகளுக்கு 1957இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 41 போன்றவற்றைப் பலர் விரும்பினார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த விலை உயர்ந்த மாடல் 41இலும் பின்குறி சிலைடின்மேல் இல்லை. குழலோடு சேர்ந்து பின்னால் நீளும் பட்டைமேல்தான் இருக்கிறது. வடிவியல் ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை.

இன்னொரு குறை உலகப் புகழ் பெற்றது. பிரித்துத் துடைத்துவிட்டு மறுபடி பூட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சுத்தியல் உறுப்பு சரியான சாய்வில் நிற்காவிட்டால் உள்ளே எதுவும் பொருந்தாது. தயாரிப்பில் மிச்சப்படுத்திய நேரத்தில் ஒரு பங்கை வாங்கியவர்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே சொல்லலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் பிரியும் மார்க் 4 வருவதற்கு 2016 ஆயிற்று. 67 ஆண்டுகள்! கோல்ட் வுட்ஸ்மன் தயாரிப்பு 1977லேயே நின்றுவிட்டது. ரூகரின் குடும்பம் இன்னும் ஓடுகிறது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் கோணலா, ஆட்டம் கோணலா என்று கண்டுபிடிக்க முதலில் ஒரு நேரான கூடம் வேண்டும். 1949க்குப் பிறகு சாதாரணச் சம்பளக்காரனுக்கும் அந்த நேரான கூடம் கிடைத்தது. குண்டு விலகினால் இனிப் பிஸ்டலைக் குறை சொல்ல முடியாது. தன் கையையும் மூச்சையும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பழகுகிறவனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறென்ன?

பட்டறை, மருத்துவமனை, வங்கி, வகுப்பறை என்று பல இடங்களில் இருக்கிறீர்கள். எங்கே சிக்கனம் செய்யலாம், எந்த ஓர் இடம் மட்டும் கால் மில்லிமீட்டர்கூட அசையக் கூடாது என்பது அவரவர் தொழிலில் அவரவருக்குத்தான் தெரியும். உங்கள் தொழிலில் அந்த "பின்குறி" எது? கீழே எழுதுங்கள். பொறுமையாக எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்