நிறுவனப் பொது நாட்காட்டி: ஆம்பூர்–ஒடுகத்தூர் தோல் வட்டாரம்

விடுமுறை, ஷிப்ட், ஷிப்மென்ட் தேதி, ஆய்வு, கூட்டம் என்று ஒரு நிறுவனத்தார் எல்லாரையும் தொடும் நாட்களை ஒரே இடத்தில் பதிந்து, அனைவரும் பார்க்கும்படி வைக்கும் ஏற்பாடு நிறுவனப் பொது நாட்காட்டி எனப்படும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்துத் தோல் ஆலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் இதை அமைப்பது கடினமான வேலை. பல மதத்தார் ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கிறார்கள். சரக்கு வாங்குவோர் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். தொழிலாளர்களோ ஒடுகத்தூர் போன்ற ஊர்களிலிருந்து கம்பெனி பஸ் ஏறி வருகிறார்கள்.

கணினி வருவதற்கு வெகு முன்பே இந்த நாட்காட்டிக்குச் சட்டம் அடிப்படை போட்டுவிட்டது. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், அவற்றோடு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். இல்லையேல் அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை தர வேண்டும். அந்த ஐந்து எவை என்பதை நிர்வாகத்தையும் தொழிலாளரையும் கலந்து ஆய்வாளர் குறிக்கிறார். பொங்கல், சித்திரை முதல் நாள், ரம்ஜான், பக்ரீத், ஆயுத பூஜை, தீபாவளி, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் என்று நீளும் வரிசையில் ஐந்தை எடுப்பது எளிதல்ல. விட்டுப்போன பண்டிகை கொண்டாடுபவர் அன்று எப்படி விடுப்பு எடுக்கலாம் என்பதும் பட்டியலோடு சேர்ந்தே எழுதப்பட வேண்டும்.

பிறையை ஒட்டி வரும் ரம்ஜான், பக்ரீத் இரண்டையும் ஒரே மாதிரி பதிவது பரவலான பிழை. ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள். அதனால் இரண்டும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னே வருகின்றன. பக்ரீத் துல்ஹஜ் மாதத்தின் பத்தாம் நாள். ஆகவே பிறை தெரிந்த பிறகும் தேதியைத் திருத்தப் பத்து நாள் அவகாசம் கிடைக்கிறது. ரம்ஜானுக்கு ஒரே இரவுதான். முந்தின நாள் மாலை தலைமை காஜியின் அறிவிப்பு வந்த பிறகே மறுநாள் பஸ் ஓடுமா ஓடாதா என்பது உறுதியாகும். எனவே ரம்ஜான் வரக்கூடிய இரண்டு தேதிகளையும் ‘பிறை பார்த்து’ என்ற குறிப்போடு பதிவதும், அன்றிரவே ஒன்றை நீக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பதும் நல்லது. கூகுள் காலண்டர் தானாகக் காட்டும் இந்திய விடுமுறைகளைக் கம்பெனி லீவு என்று நம்பக் கூடாது.

மாவட்ட எல்லையையும் நாட்காட்டி கவனிக்க வேண்டும். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. ஒடுகத்தூர் வேலூரிலேயே நின்றது. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்காக வேலூர் ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவித்தால் அது திருப்பத்தூருக்குச் செல்லாது. தனியார் ஆலைகளைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. கம்பெனி திறந்திருக்கும், ஆனால் அந்தப் பக்கத்து ஆட்கள் வர மாட்டார்கள், ஸ்டிச்சிங் லைனில் இருக்கைகள் காலியாகும். அரசுப் பட்டியலில் இல்லாத இத்தகைய நாட்களை ‘ஆள் குறையும் நாள்’ என்று தனியே குறித்து வைக்கும் மேலாளரே ஷிப்மென்ட் தேதியைச் சரியாகச் சொல்ல முடியும்.

கணினியில் அமைக்கும்போது நாட்காட்டியைத் தனிநபர் கணக்கில் தொடங்காமல் நிறுவனத்தின் பொதுக் கணக்கில் தொடங்க வேண்டும். அப்போது தொடங்கியவர் வேலையை விட்டுப் போனாலும் அது நிலைக்கும். திருத்தும் உரிமை இரண்டு மூன்று பேருக்குப் போதும், மற்றவர்களுக்குப் பார்க்கும் உரிமை. விடுமுறையை ‘முழு நாள்’ என்றே பதிய வேண்டும். நள்ளிரவு 12 மணி முதல் என்று நேரம் போட்டுப் பதிந்தால், ஜெர்மனியில் இருப்பவரின் திரையில் அது முந்தின நாள் இரவு ஏழரைக்கே, கோடையில் எட்டரைக்கே தொடங்கிவிடும். அவர்கள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவதால் நமக்கும் அவர்களுக்கும் இடைவெளி நாலரை மணியிலிருந்து மூன்றரை மணியாகக் குறைகிறது. 1998-இல் வந்து 2009-இல் திருத்தப்பட்ட ஐகாலண்டர் வடிவத்தை கூகுள், அவுட்லுக், நெக்ஸ்ட்கிளவுட் எல்லாமே படிக்கும் என்பதால், எந்த மென்பொருள் என்ற கேள்விக்கு அதிக நேரம் செலவிடத் தேவையில்லை.

இந்த மென்பொருள்கள் எல்லாம் ஊழியர் ஒவ்வொருவருக்கும் அலுவலக மின்னஞ்சல் இருப்பதாக எண்ணிச் செய்யப்பட்டவை. ஷூவின் மேற்பகுதியான அப்பரைத் தைக்கும் பெண்களுக்கு அது கிடையாது. அலுவலகத்தில் நாற்பது பேர் பார்த்து, தளத்தில் நானூறு பேர் பார்க்காத நாட்காட்டியைப் பொது என்று சொல்ல முடியாது. ஆகையால் மாதாமாதம் அதைத் தமிழில் அச்செடுத்து, பஞ்சிங் மெஷின் பக்கத்திலும் கேன்டீனிலும் ஒட்ட வேண்டும். அச்சிட்ட தேதி தாளின் மேலே தெரிய வேண்டும், பழைய தாளைக் கிழித்துவிட வேண்டும். மாற்று விடுமுறைக்காக ஞாயிறு வேலை வைத்தால் அதையும் தாளில் தெளிவாகக் காட்ட வேண்டும். இடையில் வரும் திருத்தம் பஸ் ரூட் வாரியான வாட்ஸ்அப் குழுவில் போகும். பஸ் ஒப்பந்தக்காரர் கம்பெனி ஆள் இல்லையென்றாலும் அவரையும் ஓட்டுநரையும் அந்தக் குழுவில் சேர்க்க வேண்டும்.