குரலுக்கு ஏற்ற கருவி

அபிராமபுரத்தில் மாலை வேளையில் தெருவோடு நடந்து போகிறவர்களுக்கு ஒரு மாறுதல் புலப்படும். முன்பெல்லாம் வீடுகளிலிருந்து ரேடியோ சங்கீதம் மிதந்து வரும். இப்போது ஒரே வர்ணத்தின் ஒரே வரி பத்துத் தடவை கேட்கிறது. உள்ளே ஒரு சிறுமி கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, எங்கோ அமெரிக்காவில் இருக்கும் குருவுக்கு அனுப்புவதற்காகப் பாடிப் பதிவு செய்கிறாள். அடுத்த வீட்டில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், பேரப் பிள்ளைகளுக்காகத் தம் சொந்த ஊர்க் கதையைச் சொல்லி வைக்கிறார். இந்த இரண்டு வீட்டுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: "எந்த மைக் வாங்கலாம்?"

இந்தக் கேள்விக்குக் கடைக்காரர் விலைப் பட்டியலை நீட்டுவார். கதை எழுதுகிறவன் சரித்திரத்தைத்தான் நீட்ட முடியும். ஆனால் ஒன்று சொல்வேன். விலைப் பட்டியல் அடுத்த மாதமே மாறிவிடும். சரித்திரம் கற்பித்த பாடம் அப்படி மாறாது.

1877-ம் வருஷம் எடிசன் தகரத்தாள் சுற்றிய ஓர் உருளையில் மனிதக் குரலைப் பதிந்து, அதைத் திரும்பவும் பேச வைத்தார். பத்து வருஷம் கழித்து எமிலி பெர்லினர் உருளைக்குப் பதில் தட்டை வைத்து கிராமபோனை உருவாக்கினார். 1902-ல் பிரெட் கெய்ஸ்பெர்க் என்ற நிபுணர் அந்தக் கருவிகளோடு கல்கத்தாவில் வந்து இறங்கினார். புகழ் பெற்ற பாடகி கௌஹர் ஜான் அவர் முன் பாடினார். பாட்டு முடிந்ததும் தம் பெயரையும் உரக்கச் சொன்னார். அது தற்பெருமை அல்ல. தட்டு அச்சாகப் போவது ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துத் தொழிற்சாலையில். யார் பாடிய தட்டு என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

அந்தக் காலத்து ஒலிப்பதிவில் மின்சாரம் கிடையாது. ஒரு பெரிய கூம்புக் குழல் இருக்கும். அதன் அகன்ற வாய்க்குள் முகத்தைக் கொடுத்துப் பாட வேண்டும். அந்த ஓசையின் அதிர்ச்சியே நேராக ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். மெல்லப் பாடினால் பதியாது. கத்தினால் ஊசி தடம் புரளும். உச்சஸ்தாயிக்குப் போகும்போது பாடகரைத் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுப்பது வழக்கமாக இருந்தது. தவறிப் போனால் மெழுகுத் தட்டு பாழ். கருவிக்காகக் குரல் வளைந்து கொடுத்த காலம் அது. கூம்புக்கு ஏற்ற கனத்த குரல்கள் தட்டில் ஏறின. நுட்பமான நாதங்கள் வாசலிலேயே நின்றுவிட்டன.

1925-ல் மைக் வந்தது. மின்சாரத்தின் துணையால் மெல்லிய ஒலியையும் பெருக்கிப் பதிய முடிந்தது. இதனால் நமக்குக் கிடைத்த பெரிய லாபம் வீணை தனம்மாள். ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த கச்சேரிக்குப் பெரிய வித்வான்களெல்லாம் வந்து மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவு மென்மையான வாசிப்பு. கூம்புக் குழலுக்கு அது எட்டியிருக்காது. 1930களின் தொடக்கத்தில், அறுபது வயதைக் கடந்த பிறகு அவர் வாசித்த சில தட்டுகள் இன்றும் இருக்கின்றன. 1938-ல் அவர் மறைந்தார். மைக் பத்து வருஷம் தாமதித்திருந்தால் அந்த வீணை வெறும் கேள்விச் செய்தியாகப் போயிருக்கும்.

ஆனாலும் ஒரு தடை இருந்தது. தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷந்தான் ஓடும். மணிக்கணக்கில் தோடி வாசித்த டி. என். ராஜரத்தினம் பிள்ளை, இசைத்தட்டில் அதை இரண்டு பக்கத்துக்குள் அடக்கிக்கொண்டார். அடங்கியதே அமிர்தமாக இருந்தது என்பது வேறு விஷயம். எஸ். ஜி. கிட்டப்பா 1933-ல் இருபத்தேழாவது வயதில் காலமானார். அந்தக் குரலுக்கு இன்று நம்மிடம் உள்ள சாட்சி அந்த மூன்று நிமிஷத் தட்டுகளே.

பிறகு காந்த நாடா வந்தது. 1935-ல் பெர்லின் கண்காட்சியில் ஜெர்மானியர்கள் காட்டிய டேப் ரிக்கார்டர், யுத்தம் முடிந்த பிறகு உலகமெங்கும் பரவியது. 1950களிலும் 60களிலும் சென்னையில் வசதியுள்ள ரசிகர் சிலர் வீட்டில் ஸ்பூல் டேப் ரிக்கார்டர் இடம் பிடித்தது. 1962-ல் மௌப்ரேஸ் ரோடில், அதாவது இன்றைய டி.டி.கே. சாலையில், மியூசிக் அகாடமியின் அரங்கம் திறக்கப்பட்டபோது, பதிவு செய்வது கம்பெனிகளின் ஏகபோகமாக இல்லாமற் போயிற்று.

இங்கேதான் வீட்டுக்காரருக்கு முதன் முதலாகத் தேர்வு செய்யும் பொறுப்பு வந்தது. 1,200 அடி டேப்பை விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓட்டினால் ஒரு பக்கம் 32 நிமிஷம் வரும். ஒலி தெளிவாக இருக்கும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் 64 நிமிஷம் வரும், தெளிவு குறையும். டேப்போ விலை உயர்ந்த பண்டம். தரமா, சிக்கனமா? மெதுவான வேகத்தைத் தேர்ந்தெடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கச்சேரி முழுவதும் கிடைத்ததே! கம்பெனிக்காரர்கள் மூன்று நிமிஷத்துக்கு வெட்டிய ஆலாபனையை, ரசிகர்களின் அந்தப் பதிவுகள் முழுதாகக் காப்பாற்றின.

1963-ல் பிலிப்ஸ் கம்பெனி காஸெட்டைக் கொண்டுவந்தது. ஒலிப்பதிவு சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. ஆனால் ஒரு பிரதியிலிருந்து இன்னொரு பிரதி எடுக்கும்போதெல்லாம் இரைச்சல் கூடியது. 1982-ல் வந்த கம்பாக்ட் டிஸ்க் இந்தக் குறையைத் தீர்த்தது. விநாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து எண்களாக எழுதிவைத்தால், எத்தனை பிரதி எடுத்தாலும் எண் தேயாது அல்லவா? பத்தே வருஷத்தில், கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு சேர்ந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏ. ஆர். ரகுமான் 'ரோஜா' படப் பாட்டுகளை உருவாக்கினார். 2000-ல் ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைத்தது. கெய்ஸ்பெர்க் பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏற்றி வந்த வேலையை இன்று சாதாரணக் கம்ப்யூட்டர் செய்கிறது.

இனி அந்தச் சிறுமிக்கும் பெரியவருக்கும் என்ன பதில்?

மைக்கில் முக்கியமாக இரண்டு ஜாதி. கண்டென்ஸர் மைக், மின்னூட்டம் கொண்ட மெல்லிய தகட்டால் கேட்கிறது. அதற்குக் காது கூர்மை. வீணையின் கமகத்தை அது விடாது. ஆனால் குக்கர் விசிலையும், கீரைக்காரியின் குரலையும், மின்விசிறியின் முனகலையும் கூட விடாது. டைனமிக் மைக், காந்தத்துக்குள் அசையும் கம்பிச் சுருளால் கேட்கிறது. அருகில் இருப்பவரைத்தான் முக்கியமாகக் கவனிக்கும். தெருவைப் பார்த்த அறையில் பேசிப் பதிகிற பெரியவருக்கு டைனமிக் மைக்கே உத்தமம். கொல்லைப்புறத்து அமைதியான அறையில் பாடும் சிறுமிக்குக் கண்டென்ஸர் நல்லது. ஒரே ஆள் என்றால் யு.எஸ்.பி. வழியாக நேரே கம்ப்யூட்டரில் சொருகுகிற மைக் போதும். பாட்டையும் வயலினையும் தனித்தனியே பதிய வேண்டுமானால், இரண்டு மைக்கை ஏற்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டி தேவை. இரைச்சலைக் கண்டுபிடிக்க, காதை மூடிக்கொள்ளும் ஹெட்போன் ஒன்றும் வேண்டும்.

விலை இரண்டு மடங்கானால் தரமும் இரண்டு மடங்காகும் என்று நம்ப வேண்டாம். வாயிலிருந்து மைக்குக்கு உள்ள தூரத்தைப் பாதியாக்குங்கள். குரலின் வலு அங்கே ஏறக்குறைய இரட்டிப்பாகும். மின்விசிறி இரைச்சலோ இருந்தபடியே இருக்கும். பேச்சுக்கு ஒரு சாண் தூரம் அளவானது. வெறும் சிமெண்டுச் சுவர் எதிரொலிக்கும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்தாலும், கனத்த ஜமக்காளத்தைத் தொங்கவிட்டாலும் அது அடங்கும். உச்சஸ்தாயிக்குப் பாடகரைப் பின்னுக்கு இழுக்க வேண்டியதில்லை. ஒலி அளவை முன்கூட்டியே சற்றுக் குறைத்து வைத்தால் போதும். பதிவை முதலில் எம்.பி.3 ஆகச் சுருக்காமல் முழு 'வேவ்' கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வேறு வேறு இடத்தில் மூன்று பிரதி இருக்கட்டும்.

பரண் மேல் பழைய ஸ்பூல்களும் காஸெட்டுகளும் இருந்தால் அவற்றுக்கு முதல் உரிமை உண்டு. நாடா மக்குகிறது, அதை ஓட்டும் யந்திரமும் அருகி வருகிறது.

தனம்மாள் வாசித்த நாளில் உலகத்திலேயே சிறந்த கருவி அங்கே வைக்கப்பட்டிருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அவர் வாசிக்க முடிந்த நாளில் ஒரு கருவி அங்கே இருந்தது. அதனால் இன்று நாம் கேட்கிறோம். பெரியவர் கதை சொல்லத் தயாராக இருக்கும்போது, இதைவிட உயர்ந்த மைக் எப்போது விலை இறங்கும் என்று காத்திருப்பது விவேகம் ஆகாது. கையில் உள்ளதைக் கொண்டு, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, அருகில் உட்காரச் சொல்லுங்கள். வியர்த்தால் வியர்க்கட்டும்!