பட்டம் பெறாத பட்டதாரிகள்

1880ஆம் ஆண்டின் தொடக்கம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்துச் செனட் மண்டபம் மாணவர்களால் நிரம்பியிருந்தது. கணித ஆனர்ஸ் தேர்வில் தேறியோரின் பெயர்கள் அங்கே தகுதி வரிசைப்படி வாசிக்கப்பட்டன. ஏழு பெயர்கள் முடிந்து, எட்டாம் பெயரை அதிகாரி வாசிக்க முற்பட்டபோது, மண்டபத்தில் எழுந்த முழக்கத்தில் அப்பெயர் யார் செவியிலும் விழவில்லை. மாணவர்கள் தொப்பிகளை வானில் எறிந்து, பட்டியலில் இல்லாத வேறொரு பெயரை ஓங்கி ஒலித்தனர்.

அவர்கள் முழங்கியது ஷார்லட் ஆங்காஸ் ஸ்காட் என்னும் 21 வயது மங்கையின் பெயர். எட்டாம் இடத்துக்கு ஈடான மதிப்பெண்களை அவர் பெற்றிருந்தார் என்னும் செய்தி எவ்வாறோ வெளியாகியிருந்தது. ஆனால் அவர் பெயரை வாசிக்கப் பல்கலைக் கழக விதியில் இடமில்லை. ஐம்பது மணி நேரத்துக்கு மேல், ஒன்பது நாள்கள் நடைபெற்ற அக்கடுந் தேர்வை ஆண்களோடு ஒப்ப எழுதி வென்றவர், அவ்வெற்றி அறிவிக்கப்பட்ட மண்டபத்தில் இல்லை. அன்று மாலை அவர் பயின்ற கல்லூரியின் மாணவியர் அவருக்கு இலைமுடி சூட்டி மகிழ்ந்தனர்.

அக்கல்லூரியின் பெயர் கிர்ட்டன். பெண்கள் தங்கிப் பயில்வதற்கென்றே எழுந்த அந்த விடுதிக் கல்லூரியின் மாணவியர், ஏறத்தாழ எண்பது ஆண்டுக் காலம் ஆனர்ஸ் தேர்வுகளில் வென்றும், கேம்பிரிட்ஜின் முழுமையான பட்டம் இன்றியே வெளியேறினர். அந்த வரலாறு நாம் ஒருமுறை நின்று நோக்கத் தக்கது.

ஒரே அளவுகோல்

கிர்ட்டனை நிறுவிய எமிலி டேவிஸ் 1830இல் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர். சகோதரர்கள் கேம்பிரிட்ஜ் சென்று உயர்கல்வி பெற, எமிலிக்கு வீட்டிலேயே ஓரளவு கல்விதான் கிடைத்தது. அந்த வேறுபாட்டை அவர் மறக்கவில்லை. பார்பரா போடிசன் முதலான தோழியரின் துணையோடு 1869 அக்டோபரில், ஹிட்சின் என்னும் ஊரில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து மாணவியருடன் கல்லூரியைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜிலிருந்து ஆசிரியர்கள் இரயிலேறி வந்து பாடம் கற்பித்தனர். 1873இல் கல்லூரி, கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள கிர்ட்டன் என்னும் சிற்றூரில் தனக்கெனக் கட்டிய கட்டடத்தில் குடியேறியது.

அக்கட்டடத்தின் அமைப்பிலேயே எமிலியின் நோக்கம் விளங்கியது. ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு படுக்கையறையும், தனியே அமர்ந்து படிக்க மற்றோர் அறையும் வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் இருக்கும் பெண்ணின் நேரம் யாவருக்கும் உரியது. எவரும் எந்த வேளையிலும் அவளை எழுப்பி ஒரு வேலை ஏவலாம். கதவைச் சாத்திக்கொண்டு இடையூறின்றிச் சிந்திப்பதற்கு ஓர் அறை என்பது, அந்நாளில் செல்வர் வீட்டுப் பெண்களுக்கும் வாய்க்காத பேறாகும். விடுதிக் கல்லூரி அவர்களுக்கு முதலில் வழங்கியது அந்த நேரத்தைத்தான்.

அடுத்து எழுந்தது தேர்வு பற்றிய வழக்கு. இதில் எமிலியை எதிர்த்து நின்றவர்களுள் பெண் கல்வியின் நண்பர்களும் இருந்தனர் என்பது குறிப்பிடத் தக்கது. பெண்களுக்கு இலத்தீனும் கிரேக்கமும் பள்ளியில் கற்பிக்கப்படவில்லை. ஆதலின் அவர்களுக்கு அம்மொழித் தேர்வுகளிலிருந்து விலக்கு அளிக்கலாம், காலக்கெடுவைத் தளர்த்தலாம் என்று அவர்கள் அன்போடு கூறினர். ஹென்றி சிஜ்விக் 1871இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய மற்றொரு மகளிர் விடுதி, பின்னாளில் நியூன்ஹாம் கல்லூரியாக வளர்ந்தது. அது இந்த இளக்கமான வழியையே மேற்கொண்டது.

எமிலி இசையவில்லை. பெண்களுக்கெனத் தனித் தேர்வு வைத்தால், அதில் எவ்வளவு சிறப்பாகத் தேறினாலும் அது தாழ்ந்த தேர்வு என்றே உலகம் சொல்லும் என்பது அவர் கருத்து. அதே வினாத்தாள், அதே காலக்கெடு, அதே மதிப்பீடு என்பதே அவர் விதி. போதிய பள்ளிக் கல்வியின்றி வந்த மாணவியர் மீது அது பெருஞ்சுமையாக விழுந்தது என்பதை மறுப்பதற்கில்லை. நியூன்ஹாமின் வழியும் அறிஞர்களை உருவாக்கவே செய்தது. எனினும், பெண்ணின் அறிவாற்றல் ஐயத்துக்குள்ளாகியிருந்த அக்காலத்தில், ஒரே அளவுகோலால் அளந்து காட்டிய சான்றுக்கு ஈடான வாதம் வேறில்லை.

அச்சான்று 1873இல் முதன்முதலாகக் கிடைத்தது. சாரா உட்ஹெட் கணிதத்திலும், ரேச்சல் குக், லூயிசா லம்ஸ்டன் ஆகிய இருவர் செவ்வியல் மொழிகளிலும் ஆனர்ஸ் தேர்வு எழுதித் தேறினர். அப்போது தேர்வாளர்கள் தம் சொந்த இசைவின் பேரில் விடைத்தாள்களைத் திருத்தி, இன்ன வகுப்புக்கு ஒப்பான தேர்ச்சி என்று தனிப்பட அறிவித்தனர். எந்தத் தேர்வாளரேனும் மறுத்திருந்தால் மூன்றாண்டு உழைப்பும் கணக்கில் வராமற் போயிருக்கும்.

1881இல் கிடைத்ததும் கிடைக்காததும்

ஸ்காட்டின் வெற்றி நாடெங்கும் பேசப்பட்டது. பெண்களைத் தேர்வுக்கும் பட்டத்துக்கும் உரியவராக்குமாறு கோரிய விண்ணப்பத்தில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். 1881 பிப்ரவரி 24ஆம் நாள் செனட் கூடி வாக்களித்தது. ஆதரவு 398, எதிர்ப்பு 32. அதன்பின் கிர்ட்டன், நியூன்ஹாம் மாணவியர் ஆனர்ஸ் தேர்வு எழுதுவது உரிமையாயிற்று. அவர்களுடைய பெயர்கள் தனிப் பட்டியலாக வெளியிடப்பட்டு, ஆண்கள் வரிசையில் எந்த இடத்துக்கு ஒப்பானவர் என்பதும் குறிக்கப்பட்டது. தேறியோருக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது. பட்டம் மட்டும் வழங்கப்படவில்லை.

பட்டம் என்பது வெறும் தாளன்று. கேம்பிரிட்ஜில் உயர்பட்டம் பெற்றவர் பல்கலைக் கழகத்தின் உறுப்பினராவார். அந்நாளில் அதன் ஆட்சியில் வாக்களிக்கும் உரிமையும் அவருக்கு இருந்தது. அறிவை ஏற்கச் சம்மதித்த பெருமக்கள், அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ள இசையவில்லை. சிக்கலின் வேர் அங்கேதான் இருந்தது.

மாணவியர் தொடர்ந்து வென்றனர். 1887இல் கிர்ட்டனின் அக்னேட்டா ராம்சே, செவ்வியல் தேர்வின் முதல் வகுப்பு முதற் பிரிவில் தன்னந்தனியாக நின்றார். அவ்வாண்டு ஆண்களில் ஒருவரும் அப்பிரிவில் இடம்பெறவில்லை. ‘பஞ்ச்’ இதழ், மகளிர் மட்டும் ஏறும் முதல் வகுப்பு இரயில் பெட்டியில் அவரை ஏற்றி வைப்பதாகச் சித்திரம் வரைந்து பாராட்டியது.

1890இல் நியூன்ஹாமின் முறை வந்தது. பிலிப்பா ஃபாசெட் என்பவர் கணிதத் தேர்வு எழுதினார். அவர் தந்தை ஹென்றி ஃபாசெட், பார்வை இழந்த நிலையிலும் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் இந்தியாவின் நிதி நலனுக்காக இடையறாது வாதாடி, ‘இந்தியாவின் உறுப்பினர்’ என்று அழைக்கப்பட்டவர். கணிதத்தில் முதலிடம் பெறுபவரைச் ‘சீனியர் ராங்ளர்’ என்பர். இங்கிலாந்தின் மாணவ உலகில் அதனினும் பெரிய விருது அன்று இருந்ததில்லை. ஆண்கள் பட்டியல் முடிந்து பெண்கள் பட்டியல் தொடங்கியது. பிலிப்பாவின் பெயருக்கு நேரே, ‘சீனியர் ராங்ளருக்கு மேல்’ என்று வாசிக்கப்பட்டது. முதலிடத்துக்கும் மேலான இடம்! ஆயினும் அவருக்குப் பட்டம் இல்லை. அவருக்குக் கீழே தேறிய ஆண்கள் அனைவருக்கும் உண்டு.

பட்டத்தைத் தேடிய பயணங்கள்

பெண்களுக்கு 1878இலேயே பட்டத்தின் கதவைத் திறந்த இலண்டன் பல்கலைக் கழகத்தில் மீண்டும் தேர்வு எழுதிப் பட்டம் பெற்றவர் பலர். ஸ்காட்டும் அவ்வாறே 1882இல் இளநிலைப் பட்டமும் 1885இல் டாக்டர் பட்டமும் பெற்றார். கிர்ட்டனில் கணித முதல் வகுப்புப் பெற்ற கிரேஸ் சிஷம் ஜெர்மனிக்குச் சென்று, 1895இல் கோட்டிங்கன் பல்கலைக் கழகத்தில் டாக்டரானார்.

1904 முதல் 1907 வரை அயர்லாந்தின் டப்ளின் நகரத்து டிரினிட்டி கல்லூரி, ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் தேறிய பெண்களுக்குத் தன் பட்டத்தை வழங்க முன்வந்தது. ஏறத்தாழ எழுநூறு பெண்கள் கடல் கடந்து சென்று பட்டம் பெற்று மீண்டனர். ‘நீராவிக் கப்பல் மங்கையர்’ என்று அவர்களை உலகம் அழைத்தது. அவர்கள் செலுத்திய கட்டணத்தைக் கொண்டு டப்ளினில் மாணவியர்க்கு ஒரு விடுதி அமைந்தது என்பது நெஞ்சுக்கு இனிய செய்தி.

இதே ஆண்டுகளில்தான் நம் நெஞ்சம் கவர்ந்த இக்பால் கேம்பிரிட்ஜில் பயின்றார். 1905இல் அங்குள்ள டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்த அவருக்கு 1907இல் பல்கலைக் கழகம் பி.ஏ. பட்டம் வழங்கியது. கடல்கடந்து வந்த இந்தியருக்குத் திறந்த அக்கதவு, அந்நாட்டிலேயே பிறந்த பெண்களுக்குத் திறக்கவில்லை. சற்று முன்னர், ஹைதராபாத் நிஜாமின் உதவித் தொகை பெற்று 1895இல் இங்கிலாந்து சென்ற சரோஜினி, பின்னாளின் சரோஜினி நாயுடு, பயின்ற கல்லூரிகளுள் கிர்ட்டனும் ஒன்று.

சரோஜினி இங்கிலாந்தில் இருந்த காலத்திலேயே எதிர்ப்பு உச்சத்தை எட்டியது. 1897 மே 21ஆம் நாள், பெண்களுக்குப் பட்டப் பெயரையேனும் வழங்கலாமா என்று மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. வெளியூர்ப் பட்டதாரிகள் வந்து வாக்களிக்கச் சிறப்பு இரயில்கள் விடப்பட்டன. சைக்கிளில் அமர்ந்த பெண்ணின் கொடும்பாவி ஒன்று செனட் மண்டபத்துக்கு எதிரே தொங்கவிடப்பட்டது. ஆதரவு 662, எதிர்ப்பு 1,713. ஸ்காட்டுக்காகத் தொப்பி எறிந்த மாணவர் கூட்டம் பதினேழு ஆண்டுகளில் கொடும்பாவி கட்டும் கூட்டமாக மாறியிருந்தது. ஒரு பெண்ணின் வெற்றியை வியந்து பாராட்டுவது எளிது. எல்லாப் பெண்களுக்கும் உரிமை வழங்குவது அவ்வளவு எளிதன்று.

வரிசை எண்ணுக்கு அப்பால்

தேர்வின் வெற்றி வாழ்வில் எவ்வாறு பயன்பட்டது? ஸ்காட் 1885இல் அமெரிக்காவில் புதிதாகத் திறக்கப்பட்ட பிரின் மார் மகளிர் கல்லூரியின் கணிதத் துறைக்குத் தலைமை ஏற்று, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றினார். அந்நாட்டுக் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியத்தின் தலைமைக் கணிதத் தேர்வாளராகவும் 1902, 1903ஆம் ஆண்டுகளில் விளங்கினார். அளக்கப்பட்டவரே அளப்பவரானார்.

ஸ்காட்டோடு ஒரே காலத்தில் கிர்ட்டனில் பயின்ற ஹெர்த்தா அயர்ட்டனின் கதை வேறுவகை. ஏழைக் கடிகாரத் தொழிலாளியின் மகளான அவர் ஆனர்ஸ் தேர்வில் மூன்றாம் வகுப்பே பெற்றார். அவரே பின்னர் மின்வில் விளக்கின் இயல்பை ஆராய்ந்து, 1906இல் ராயல் சொசைட்டியின் ஹியூஸ் பதக்கம் பெற்றார். தேர்வு எண் ஒரு வாயில். வாழ்நாள் முழுமைக்கும் அதுவே தீர்ப்பாகாது என்பதை நம் வீட்டுப் பெற்றோரும் மாணவியரும் நினைவில் கொள்ளல் நன்று.

1921இல் கேம்பிரிட்ஜ் பட்டப் பெயரை மட்டும் வழங்கி, உறுப்புரிமையை மறுத்தது. அவ்வாண்டே எமிலி டேவிஸ் 91ஆம் வயதில் மறைந்தார். 1948இல்தான் முழு உரிமை கிடைத்தது. அரச இசைவு வந்த அடுத்த திங்களில், ஜூன் 10ஆம் நாள், சீனியர் ராங்ளருக்கு மேல் நின்ற பிலிப்பா 80ஆம் வயதில் கண்மூடினார். கிர்ட்டன் 1979 முதல் ஆண் மாணவரையும் சேர்த்துக்கொண்டது.

1998ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், 1948க்கு முன் பயின்று பட்டவிழாக் காணாத பெண்களைப் பல்கலைக் கழகம் வரவேற்றுச் சிறப்பித்தது. தொள்ளாயிரம் முதிய பெண்மணிகள் கேம்பிரிட்ஜ் வீதியில் செனட் மண்டபத்தை நோக்கி அணிவகுத்து நடந்தனர். பலர் பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள், தளர்ந்த நடையினர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னும் அதற்கு அப்பாலும் அவர்கள் எழுதிய விடைத்தாள்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அவற்றின் மதிப்பு அன்றும் அதுவே, இன்றும் அதுவே. அதனை ஒப்புக்கொள்ளப் பல்கலைக் கழகத்துக்குத்தான் இத்தனை காலம் பிடித்தது.