கல்லாப்பெட்டிக்குப் பின்னால்: செயல்பாட்டு மேலாண்மையின் அடிப்படைகள்

நம் குடும்பங்களில் வியாபாரப் பேச்சு பெரும்பாலும் இரண்டு விஷயங்களைச் சுற்றியே வரும். முதல் எவ்வளவு, விற்பனை எவ்வளவு. இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய பகுதி ஒன்று இருக்கிறது. வாங்கிய பொருள் எப்படி விற்கும் பொருளாக மாறுகிறது, எத்தனை கை மாறுகிறது, எங்கே காத்துக் கிடக்கிறது, எங்கே வீணாகிறது என்பதெல்லாம் அதில் அடங்கும். கடையில் கூட்டம் இருக்கிறது, ஆனால் மாதக் கடைசியில் கையில் காசு இல்லை என்று சொல்பவர்களைப் பார்த்திருப்போம். அவர்கள் தேட வேண்டிய இடம் பல நேரங்களில் இந்த நடுப்பகுதிதான்.

இதைப் பற்றிய படிப்புக்கு ஆங்கிலத்தில் ஆப்பரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் என்று பெயர். தமிழில் செயல்பாட்டு மேலாண்மை என்கிறார்கள். பி.பி.ஏ., எம்.பி.ஏ. படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது கட்டாயப் பாடம். அதே வீட்டில் கடை நடத்தும் அத்தாவோ வாப்பாவோ இந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் பாடத்தின் பாதியை அனுபவத்தில் செய்துகொண்டிருப்பார். மீதிப் பாதிதான் நஷ்டத்தைக் கொண்டு வருகிறது. ஆகவே இரு தரப்புக்கும் பயன்படும்படி, முக்கியமான கருத்துகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

கழுத்து எங்கே இருக்கிறது?

பாட்டிலைக் கவிழ்த்தால் தண்ணீர் எவ்வளவு வேகமாக வெளியே வரும் என்பதை பாட்டிலின் கழுத்துதான் முடிவு செய்கிறது. அடிப்பாகம் எவ்வளவு அகலமாக இருந்தாலும் பயனில்லை. எந்தத் தொழிலிலும் அப்படி ஒரு கழுத்து உண்டு.

பெருநாள் நேரத்துத் தையல் கடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். கட்டிங் மாஸ்டர் ஒரு நாளைக்கு 40 சட்டை வெட்டுவார். ஐந்து டெய்லர்கள், ஆளுக்கு 6 என்று 30 சட்டை தைப்பார்கள். காஜா எடுத்து பட்டன் கட்டுபவர் ஒருவர்தான்; அவரால் 20 முடியும். அயர்ன் போடுபவர் 50 சட்டை முடிப்பார். இந்தக் கடை ஒரு நாளைக்கு எத்தனை சட்டை கொடுக்கும்? 20 மட்டுமே. கட்டிங் மாஸ்டரின் 40, டெய்லர்களின் 30 ஆகியவற்றுக்கு அங்கே அர்த்தமே இல்லை.

கடைக்காரர் என்ன செய்கிறார்? 25 நாள் சீசனுக்கு டெய்லர்கள் 750 சட்டை தைத்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டு, 700 சட்டைக்கு அளவு எடுத்துவிடுகிறார். காஜாவில் 500தான் தாண்டும். மீதி 200 சட்டை, தைத்த நிலையில் மூலையில் குவிந்து கிடக்கும். பெருநாள் இரவில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நிற்கும் தாய்க்கு, "காலைல வாங்கக்கா, ரெடி பண்ணிடுறோம்" என்ற பதில்தான் கிடைக்கும். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் சும்மா உட்காரவுமில்லை. கணக்கைத் தவறான இடத்தில் போட்டார்கள், அவ்வளவுதான்.

தாமதம் என்றதும் நமக்கு முதலில் தோன்றும் மருந்து இன்னும் இரண்டு டெய்லர்களைச் சேர்ப்பது. அதனால் சட்டை ஒன்றுகூடக் கூடாது. மூலையில் இருக்கும் குவியல்தான் வேகமாக வளரும். கூலியும் ஏறும். டெய்லர்களுக்கு பீஸ் ரேட் என்பதால் அவர்கள் நிறுத்தாமல் தைத்துக்கொண்டே இருப்பார்கள். ஏழு மிஷின் ஓடும் சத்தம் கடைக்காரரின் காதுக்கு நன்றாக இருக்கும். ஆனால் வெளியே போவது அதே 20 சட்டை.

எலியாஹு கோல்ட்ராட் என்ற இயற்பியல் அறிஞர் 1984இல் இந்தக் கருத்தை ஒரு நாவலாகவே எழுதினார். 'தி கோல்' என்ற அந்த நூல் இன்றும் மேலாண்மை மாணவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. அவர் சொல்லும் வழியை நம் தையல் கடைக்குப் பொருத்திப் பார்க்கலாம். முதலில் கழுத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கே குவியல் நிற்கிறதோ அதற்கு அடுத்த ஆள்தான் கழுத்து. அடுத்து, அவருடைய நேரத்தில் ஒரு நிமிடம்கூட வேறு வேலைக்குப் போகக் கூடாது. நூல் பிசிறு வெட்டுவது, டீ வாங்கப் போவது, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது எல்லாவற்றையும் மற்றவர்கள் பார்க்கட்டும். தையல் கோணலான சட்டையை அவர் கைக்குப் போகும் முன்பே பிரித்துவிட வேண்டும்; கெட்ட சட்டைக்கு அவர் செலவிடும் நேரம் நல்ல சட்டையிலிருந்து பிடுங்கியது. இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால்தான் பணம் செலவழிக்கும் கட்டம் வருகிறது. தினமும் 10 சட்டையை வெளியே காஜா போடும் கடைக்குக் கொடுக்கலாம். அப்போது கடையின் உற்பத்தி 30 ஆகிவிடும், கழுத்து டெய்லர்களிடம் நகர்ந்துவிடும். புதிய டெய்லரைச் சேர்ப்பதைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் அதுதான்.

சரி, வாடிக்கையாளரிடம் என்றைக்கு வரச் சொல்வது? அதற்கும் எளிய கணக்கு உண்டு. கையில் இருக்கும் ஆர்டரை, ஒரு நாளைக்கு முடித்துக் கொடுக்கும் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். 300 சட்டை கையில் இருக்கிறது, தினம் 20 முடிகிறது என்றால் இன்று துணி கொடுப்பவருக்கு 15 நாள் ஆகும். இதற்கு லிட்டில் விதி என்று பெயர். அமெரிக்காவைச் சேர்ந்த பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் இதற்குக் கணித நிரூபணம் தந்தார். பாஸ்போர்ட் அலுவலக வரிசைக்கும், வலிமா விருந்தில் பந்திக்குக் காத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். 1,000 பேருக்கு அழைப்பு, மண்டபத்தில் ஒரு பந்திக்கு 200 பேர், ஒரு பந்தி முடிந்து அடுத்தது உட்கார 30 நிமிடம் என்றால், எல்லோரும் சாப்பிட இரண்டரை மணி நேரம். கூடுதலாக ஒரு பண்டாரியை அழைத்து வந்தாலும் இது குறையாது.

மதுரையில் ஓர் எடுத்துக்காட்டு

கழுத்தைக் காப்பாற்றுவதை உலகமே வந்து பார்த்துப் படிக்கும் அளவுக்குச் செய்துகாட்டிய இடம் நம் மதுரையில் இருக்கிறது. அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன கைகளால் கண்ணில் அறுவை சிகிச்சை செய்தவர் அவர். ஹாம்பர்கர் விற்கும் மெக்டொனால்ட்ஸ் எல்லா ஊரிலும் ஒரே தரத்தை எப்படிக் கொடுக்கிறது என்பதை ஆராய்ந்து, அந்த ஒழுங்கைக் கண்புரை சிகிச்சைக்குக் கொண்டு வர முடியுமா என்று யோசித்தார்.

கண் மருத்துவமனையில் கழுத்து எது? அறுவை சிகிச்சை நிபுணரின் நேரம். ஆகவே அங்கே ஒரு நிபுணருக்கு அருகருகே இரண்டு மேஜைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்த நோயாளி பக்கத்து மேஜையில் தயாராக இருப்பார். முடிந்ததும் நிபுணர் திரும்ப வேண்டியதுதான். கண் அளவு எடுப்பது, மருந்து விடுவது, நோயாளியைத் தயார் செய்வது போன்ற வேலைகளை, கிராமங்களில் இருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த இளம்பெண்கள் பார்க்கிறார்கள். வெளிநாட்டு லென்ஸ் விலை அதிகமாக இருந்தபோது, 1992இல் ஆரோலேப் என்ற பெயரில் லென்ஸ் தயாரிப்பையும் மதுரையிலேயே தொடங்கிவிட்டார்கள். நோயாளிகளில் பெரும் பகுதியினருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை கொடுத்தும், கட்டணம் செலுத்துபவர்களின் வருமானத்தில் மருத்துவமனை சொந்தக் காலில் நிற்கிறது. செயல்பாட்டு மேலாண்மையை முதலாளிகளின் லாபக் கணக்கு என்று மட்டும் நினைப்பவர்களுக்கு நாம் காட்ட வேண்டிய இடம் இது. அங்கே மிச்சமான ஒவ்வொரு நிமிடமும் இன்னொருவருக்குப் பார்வையாக மாறியிருக்கிறது.

அலமாரியில் தூங்கும் பணம்

அடுத்த பெரிய கருத்து சரக்கிருப்பு. நிறைந்த அலமாரி நமக்குப் பரக்கத்தாகத் தெரியும். கணக்கில் அது தூங்கும் பணம். ஒரு ஜவுளிக் கடையில் ஆண்டுக்கு, கொள்முதல் விலையில், 60 லட்சம் ரூபாய்ச் சரக்கு விற்கிறது. எப்போது பார்த்தாலும் சராசரியாக 30 லட்சம் ரூபாய்ச் சரக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு ஆண்டுக்கு இரண்டு முறைதான் சுழல்கிறது. போட்ட ஒவ்வொரு ரூபாயும் திரும்பி வர ஆறு மாதம். இருப்பை 10 லட்சத்துக்குக் கொண்டு வந்தால் ஆறு சுழற்சி. ரூபாய் இரண்டே மாதத்தில் திரும்பும். மிச்சமாகும் 20 லட்சத்துக்கு யாரிடமும் கடன் கேட்க வேண்டியதில்லை.

வியாபாரச் சரக்குக்கும் ஜகாத் கணக்கிட வேண்டும் என்பதால், ஆண்டுக்கு ஒரு முறை இருப்பைக் கணக்கெடுக்கும் வழக்கம் நம் கடைகளில் ஏற்கனவே இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஒரே ஒரு கட்டத்தைக் கூட்டினால் போதும்: இந்தச் சரக்கு எந்த மாதம் வந்தது? போன ஆண்டுப் பட்டியலிலும் இருந்த சரக்கு எது என்று பளிச்சென்று தெரியும். அதை விலை குறைத்தாவது வெளியேற்றுவதே நல்லது. வாங்கிய விலைக்குக் கீழே விற்க மனம் வராது என்பது உண்மைதான். ஆனால் அது இடத்தையும் முதலையும் ஒரு வருடம் பிடித்து வைத்திருந்த செலவை யாரும் எழுதி வைப்பதில்லை.

ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது என்பதற்கு ஃபோர்ட் ஹாரிஸ் என்ற பொறியாளர் 1913இல் ஒரு சூத்திரம் தந்தார். ஆண்டுத் தேவையை ஆர்டர் ஒன்றுக்கு ஆகும் செலவால் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கி, ஒரு பொருளை ஓர் ஆண்டு வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஆண்டுக்கு 1,200 உருப்படி தேவை, ஒவ்வொரு ஆர்டருக்கும் லாரி வாடகை முதலான செலவு 300 ரூபாய், ஓர் உருப்படியை ஓர் ஆண்டு வைத்திருக்க 20 ரூபாய் என்றால், விடை ஏறத்தாழ 190. ஆண்டுக்கு ஆறு முறை வாங்கினால் போதும். வியாபாரம் நான்கு மடங்கு ஆனாலும் ஒரு தடவை வாங்கும் அளவு இரண்டு மடங்குதான் ஆக வேண்டும் என்பது இந்தச் சூத்திரம் சொல்லும் செய்தி. நாமோ நான்கு மடங்கு சேர்த்து வாங்கிவிடுகிறோம்.

எப்போது வாங்குவது என்பது இதைவிடச் சுலபம். பிரியாணிக் கடைக்கு தினம் ஒரு மூட்டை சீரகச் சம்பா தேவை. மண்டியில் சொன்னால் நான்கு நாளில் வரும். மழை, லாரி ஸ்டிரைக் போன்றவற்றுக்கு இரண்டு மூட்டை. ஆக, ஆறு மூட்டை மிச்சம் இருக்கும்போதே போன் செய்துவிட வேண்டும்.

தறி சொல்லிக் கொடுத்த பாடம்

தரத்தைப் பற்றி ஜப்பானில் இருந்து ஒரு செய்தி. டொயோட்டா நிறுவனத்தின் வேர் காரில் இல்லை, நெசவுத் தறியில் இருக்கிறது. சாக்கிச்சி டொயோடா 1924இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும். தவறான துணி ஒரு முழம்கூட அதிகமாக நெய்யப்படாது. ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. பின்னாளில் கார் தொழிற்சாலையிலும் இதே வழியைக் கொண்டு வந்தார்கள். குறை கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து எச்சரிக்கை கொடுக்கலாம். உடனே சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நிற்கும். வேலையை நிறுத்தியதற்காக அவரை யாரும் திட்டுவதில்லை. நம் கடைகளில் தவறைச் சொன்ன பையனுக்கு முதலில் திட்டுத்தான் விழுகிறது. அதனால் அடுத்த முறை அவன் சொல்வதில்லை, வாடிக்கையாளர் வந்து சொல்கிறார்.

தேவையானது, தேவையான நேரத்தில், தேவையான அளவு மட்டும் என்ற டொயோட்டாவின் இன்னொரு கொள்கையும் புகழ் பெற்றது. தைச்சி ஓனோ இதை வளர்த்தெடுத்தார். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில், வாடிக்கையாளர் எடுத்த பொருளின் இடத்தை மட்டும் நிரப்பும் முறை அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. இதை அப்படியே நாம் பின்பற்றலாம் என்று சிலர் சொல்வதை நாம் ஏற்பதில்லை. 1997 பிப்ரவரி 1 அன்று ஐசின் நிறுவனத்தின் ஓர் ஆலை தீப்பிடித்தது. பிரேக்குக்கு வேண்டிய ஒரு சிறிய வால்வு, ஏறத்தாழ முழுவதும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. டொயோட்டாவிடம் சில மணி நேரத்துக்கான கையிருப்பே இருந்ததால், ஜப்பானில் அதன் தொழிற்சாலைகள் நின்றுபோயின. மற்ற சப்ளையர்கள் கைகொடுத்து, சில நாட்களில் மீண்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், சொன்ன நாளில் லாரி வராத ஊரில் கடை வைத்திருப்பவர் இருப்பை ஒரே அடியாகக் குறைப்பது ஆபத்து. மாதம் கொஞ்சமாகக் குறைத்து, எந்தச் சரக்கு தீர்ந்து போகிறது என்று கவனிப்பதே சரி. ஒரே ஆளிடம் மட்டும் வாங்கும் பொருள் எது என்றும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மட்டும் கூடுதல் இருப்பு நியாயமானது.

சிறிய அளவில் உற்பத்தி செய்பவர்கள், தோல், காலணி, ஆயத்த ஆடை, உணவுப் பொருள் போன்ற தொழில்களில் இருப்பவர்கள், உத்யம் பதிவு வைத்திருந்தால் மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. லீன் திட்டத்தில் சேரலாம். 2023இல் புதுப்பிக்கப்பட்ட இந்தத் திட்டத்தில், ஆலைக்கு வந்து இந்த முறைகளைக் கற்றுக்கொடுக்கும் ஆலோசகரின் செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு, ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் செயல்பாட்டு மேலாண்மைப் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் வீடியோவாக இலவசமாகக் கிடைக்கின்றன. சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும்.