இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையின் வரலாறு

இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சை என்பது, நோயாலோ காயத்தாலோ பழுதடைந்த இடுப்பு மூட்டை அகற்றி, அதனிடத்தில் செயற்கை மூட்டைப் பொருத்தும் அறுவை சிகிச்சை ஆகும். இடுப்பு மூட்டு பந்தும் கிண்ணமும் போன்ற அமைப்புடையது. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பின் குழியில் அமர்ந்து சுழல்கிறது. இரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். அது தேய்ந்துபோனால் எலும்போடு எலும்பு உரசும். நடப்பதோடு, இரவில் புரண்டு படுப்பதும் வேதனையாகிவிடும்.

லான்செட் மருத்துவ இதழ் 2007-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, இதை 'நூற்றாண்டின் அறுவை சிகிச்சை' என்று தலைப்பிலேயே குறிப்பிட்டது. இந்தப் பெயரைப் பெறும் முன் இச்சிகிச்சை பல தோல்விகளைக் கண்டது. மூட்டைத் திறந்து பொருத்தும் திறமை மருத்துவர்களிடம் முன்பே இருந்தது. உடலுக்குள் தேயாமல் நிலைக்கும் பொருள்தான் கிடைக்கவில்லை.

தொடக்க கால முயற்சிகள்

ஜெர்மானிய மருத்துவர் தெமிஸ்டோக்கிளிஸ் குளுக் 1890-ஆம் ஆண்டு வாக்கில் யானைத் தந்தத்தால் செயற்கை மூட்டுகள் செய்து பொருத்தினார். அவருடைய நோயாளிகள் பலருக்கு மூட்டைத் தாக்கும் காசநோய் இருந்தது. பொருத்திய மூட்டுகளில் நோய்த்தொற்று ஏற்பட்டதால் அம்முயற்சி நீடிக்கவில்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியஸ் ஸ்மித்-பீட்டர்சன் 1923-இல் கண்ணாடிக் கிண்ணத்தைத் தொடை எலும்பின் தலைமேல் கவிழ்த்துப் பார்த்தார். உடலின் எடையைத் தாங்காமல் கண்ணாடி உடைந்தது. 1938-இல் அவர் கோபால்ட், குரோமியம் கலந்த உலோகத்துக்கு மாறினார். அதே ஆண்டில் லண்டனில் பிலிப் வைல்ஸ், பந்து, கிண்ணம் இரண்டையும் துருப்பிடிக்காத எஃகில் செய்து பொருத்தினார்.

பிரான்சில் ஜூடே சகோதரர்கள் 1946-இல் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கால் எலும்புத் தலை செய்தனர். அது விரைவில் தேய்ந்தது. சில நோயாளிகள் நடக்கும்போது மூட்டு கிறீச்சிட்டது.

சார்ன்லியும் உராய்வும்

அந்தக் கிறீச்சொலியை ஆராயத் தொடங்கியவர் ஆங்கிலேய எலும்பு மருத்துவர் ஜான் சார்ன்லி (1911–1982). உராய்வு மிகுதியாக இருப்பதால்தான் ஒலி எழுகிறது. அதே உராய்வு செயற்கை மூட்டை எலும்பிலிருந்து அசைத்து அசைத்துத் தளர்த்திவிடும் என்பது அவர் முடிவு. வடமேற்கு இங்கிலாந்தில் ஒரு காலத்தில் காசநோய் மருத்துவமனையாக இருந்த ரைட்டிங்டனில் அவர் ஆய்வுக்கூடம் அமைத்தார்.

அவருடைய மூட்டில் மூன்று புதுமைகள் இருந்தன. முதலாவது, சுமார் 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய எஃகுப் பந்து. பந்து சிறியதாக இருந்தால், கிண்ணத்தைத் திருகி அசைக்கும் விசையும் குறையும். இரண்டாவது, வழுக்கும் தன்மையுள்ள பிளாஸ்டிக் கிண்ணம். மூன்றாவது, பல் மருத்துவத்தில் பயன்பட்டு வந்த அக்ரிலிக் கலவை. எலும்புக்கும் மூட்டுக்கும் இடையிலுள்ள வெளியை இது சாந்துபோல நிரப்பிப் பிடித்துக்கொண்டது.

டெஃப்லான் தோல்வி

கிண்ணத்துக்குச் சார்ன்லி முதலில் தேர்ந்தெடுத்த பொருள் டெஃப்லான். அறியப்பட்ட திடப்பொருள்களில் உராய்வு மிகக் குறைந்தவற்றில் அதுவும் ஒன்று. 1950-களின் இறுதியிலிருந்து சுமார் 300 டெஃப்லான் மூட்டுகள் பொருத்தப்பட்டன. ஊன்றுகோலுடன் வந்தவர்கள் வலியின்றி நடந்து சென்றனர்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் நிலைமை மாறியது. எஃகுப் பந்து டெஃப்லானைத் துளைத்துக்கொண்டு உள்ளே சென்றது. உதிர்ந்த துகள்களை எதிர்த்து உடல் வினைபுரிந்ததில் சுற்றியிருந்த திசு வீங்கியது, எலும்பு அரிக்கப்பட்டது. மறுபடியும் வலி வந்தது. மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. வழுக்கும் தன்மை வேறு, தேயாத தன்மை வேறு என்ற பாடத்துக்கு நோயாளிகள் கொடுத்த விலை இது.

1962-இல் ஒரு விற்பனையாளர் ரைட்டிங்டனுக்குப் புதிய பிளாஸ்டிக் ஒன்றைக் கொண்டுவந்தார். நெசவுத் தறிகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட உயர் மூலக்கூறு எடை பாலிஎத்திலீன் அது. சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்து ஒதுக்கிவிட்டார். ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன், சார்ன்லி வெளிநாடு சென்றிருந்த நேரத்தில், அதைத் தேய்மான இயந்திரத்தில் ஏற்றி ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது மூன்று வாரத்தில் தேயவில்லை.

இம்முறை சார்ன்லி அவசரப்படவில்லை. இரு பொருள்களின் மாதிரிகளையும் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டார். மாதங்கள் கழித்து, டெஃப்லான் இருந்த இடம் கட்டியாகக் கையில் தட்டுப்பட்டது. பாலிஎத்திலீன் இருந்த இடத்தில் அப்படி எதுவும் இல்லை. 1962 நவம்பரில் முதல் பாலிஎத்திலீன் கிண்ணம் பொருத்தப்பட்டது. அதன் பின்னும் பல ஆண்டுகள், தம்மிடம் பயிற்சி பெறாத மருத்துவர்களுக்கு இம்மூட்டை விற்க அவர் இடம் கொடுக்கவில்லை. இறந்தபின் மூட்டை எடுத்து ஆராய நோயாளிகளிடமே ஒப்புதல் கேட்டு வாங்கினார்.

நோய்த்தொற்றுத் தடுப்பு

அடுத்த தடை நோய்த்தொற்று. அறுவை அறையின் காற்றிலிருந்து கிருமிகள் வருகின்றன என்று கருதிய சார்ன்லி, வடிகட்டிய தூய காற்று பாயும் கண்ணாடித் தடுப்பறை ஒன்றை அமைத்தார். மருத்துவர்கள் வெளிவிடும் காற்றை உறிஞ்சி அகற்றும் முழு உடையையும் வடிவமைத்தார். நூற்றுக்கு ஏழுக்கும் மேலாக இருந்த தொற்று விகிதம் ஏறக்குறைய ஒன்றாகக் குறைந்தது. 1977-இல் அவருக்குச் 'சர்' பட்டம் வழங்கப்பட்டது.

பிற்கால வளர்ச்சி

பாலிஎத்திலீனும் தேயாத பொருள் அன்று. அதன் நுண்துகள்கள் நீண்ட காலத்தில் எலும்பை அரிப்பது பின்னர் தெரியவந்தது. கதிரியக்கத்தால் மூலக்கூறுகளைக் குறுக்காகப் பிணைத்து வலுவூட்டிய பாலிஎத்திலீன் 1990-களின் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்து தேய்மானத்தைப் பெரிதும் குறைத்தது.

பொருத்திய மூட்டுகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் தேசியப் பதிவேட்டைச் சுவீடன் 1979-இல் இடுப்பு மூட்டுக்காகத் தொடங்கியது. பிற நாடுகளும் பின்பற்றின. உலோகப் பந்து உலோகக் கிண்ணத்தில் சுழலும் ஒரு வகை மூட்டு, எதிர்பார்த்ததைவிட விரைவில் பழுதடைவதை ஆஸ்திரேலியா, பிரிட்டன் பதிவேடுகள் காட்டின. 2010-இல் அது உலகெங்கும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. டெஃப்லான் காலத்தில் ஒரே மருத்துவமனை தன் நோயாளிகளைப் பின்தொடர்ந்து அறிந்துகொண்டதை, இன்று நாடு தழுவிய பதிவேடுகள் எல்லா மூட்டுகளுக்கும் செய்துவருகின்றன.